காலி மனையும் காவலும்

(குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தெருப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கேமராவையும் ரோந்து வண்டியையும் பற்றிப் பேசுவார்கள். நான் காலி மனைகளிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே வட்டாரத்துக்குள் 1980களின் தொடக்கத்தில் கிடந்த 1,300 காலி மனைகளிலிருந்து.

ராக்ஸ்பரி, டார்செஸ்டர் என்ற இரண்டு பகுதிகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் கலக்கும் இடத்தில் டட்லி தெரு ஓடுகிறது. நகரின் மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வசதியான வெள்ளையர் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறநகருக்குப் போய்விட்டன. மிஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களும் கறுப்பின மக்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், வயதான சில வெள்ளையர்கள். ஒரே தெருவில் மூன்று மொழிகள் பேசினார்கள். அந்தப் பகுதிக்கு வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. வீட்டை விற்க முடியவில்லை, பழுதுபார்க்கவும் முடியவில்லை. வாடகையைவிட எரிந்த வீட்டுக்குக் கிடைக்கும் காப்பீட்டுப் பணம் அதிகம் என்ற நிலை வந்தது. சொந்தக்காரர்களே தீ வைத்தார்கள், அல்லது ஆள் வைத்துக் கொளுத்தினார்கள். எரிந்த வீட்டை நகராட்சி இடித்தது. இடித்த இடத்தில் மற்ற ஊர்க் கட்டட ஒப்பந்தக்காரர்கள் இரவில் லாரி லாரியாக இடிபாடுகளைக் கொட்டினார்கள். அழுகிய இறைச்சி, பழைய குளிர்பதனப் பெட்டி, எஞ்சின் இல்லாத கார், எல்லாம் வந்து விழுந்தன. கோடைக்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. அந்தக் குப்பைக்கு நடுவில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போனார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் துப்பாக்கியும் போதைப்பொருளும் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்த வட்டாரத்தில் இரண்டு தனித்தனி முயற்சிகள் நடந்தன. ஒன்று நிலத்தைப் பற்றியது, மற்றொன்று உயிரைப் பற்றியது. இரண்டிலும் பகுதித் தலைவர்கள் ஒன்றுகூடினார்கள். முதலாவது இன்றும் நிற்கிறது. இரண்டாவது வியக்கத்தக்க பலன் கொடுத்துவிட்டுக் கலைந்துபோனது. ஏன் அப்படி என்ற கேள்விதான் என்னுடைய பேச்சு முழுவதும்.

1984இல் ரைலி அறக்கட்டளை என்ற பாஸ்டன் நிறுவனத்தின் அறங்காவலர்கள் டட்லி தெருவுக்கு வந்தார்கள். அலையன்சா ஹிஸ்பானா என்ற உள்ளூர் சேவை அமைப்பு தன் கட்டடத்தைச் சீர்செய்ய உதவி கேட்டிருந்தது. வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், திகைத்துப்போனார்கள். ஒரு கட்டடத்தைச் சீர்செய்து என்ன பயன், பகுதி முழுவதற்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அங்கிருந்த சேவை அமைப்புகளையும் தேவாலயங்களையும் கூட்டிப் பல மாதங்கள் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். 1985 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தை மக்கள் முன் வைக்க ஒரு பொதுக்கூட்டம் நடந்தது.

அந்தக் கூட்டத்தில் குடியிருப்பவர்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். மேடையில் இருக்கும் உங்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. நிர்வாகக் குழுவில் எங்களுக்கு எத்தனை இடம் என்பது அடுத்தது. குழுவில் பெரும்பாலான இடங்கள் நிறுவனங்களுக்குப் போயிருந்தன, குடியிருப்பவர்களுக்குச் சில இடங்கள்தான். கூட்டம் கொதித்தது. நம்மைக் கேட்காமலே நமக்காக எத்தனையோ பேர் எத்தனையோ முறை திட்டம் போட்டதைப் பார்த்துவிட்டோம் என்ற கசப்பு அதில் இருந்தது.

மேடையில் இருந்தவர்கள் அன்று நடந்துகொண்ட விதத்தை நான் மதிக்கிறேன். கோபித்துக்கொண்டு பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. திட்டத்தைப் பிரித்து, மக்களோடு உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள். புதிய அமைப்பில் குடியிருப்பவர்களுக்கே பெரும்பான்மை. அதோடு இன்னொரு விதியும் சேர்ந்தது. கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழியினர், கேப் வெர்டே வழியினர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும், தலைக்கணக்கு எப்படி இருந்தாலும், சம எண்ணிக்கையில் இடம். இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். தலைக்கணக்கு பார்த்து இடம் கொடுத்திருந்தால், பெரிய பிரிவு மற்றவர்களின் தயவு இல்லாமலே முடிவெடுத்திருக்கும். சமமாகக் கொடுத்ததால், எவரும் மற்ற பிரிவினரைச் சம்மதிக்க வைக்காமல் ஓர் அடி நகர முடியாது. கூட்டங்களில் மொழிபெயர்ப்பும் வைத்தார்கள். கேட்பவருக்குப் புரியாத கூட்டத்தில் அவர் கை தூக்கினாலும் அது சம்மதம் ஆகாது.

இப்படி உருவானதுதான் டட்லி தெரு அக்கம்பக்க முன்முயற்சி என்ற அமைப்பு. நடனக் கலைஞரான சே மாதுன் என்ற குடியிருப்பாளர் அதன் தலைவரானார். பீட்டர் மெடாஃப் முதல் இயக்குநராக வேலைக்கு வந்தார்.

இந்த இடத்தில் நம் சங்கங்களைப் பற்றி ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்மில் எத்தனை சங்கங்களில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வாக்கு இருக்கிறது? தெருக்கோடியில் தள்ளுவண்டி வைத்திருக்கும் அம்மாவை எந்தச் செயற்குழுவாவது ஒருமுறை அழைத்துக் கேட்டிருக்கிறதா? இரவு பதினொரு மணிக்குத் தெருவில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

டட்லிக்குத் திரும்புவோம். அமைப்பு தொடங்கியதும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்: உங்களுக்கு எது முதலில் சரியாக வேண்டும்? வீட்டு வசதி, வேலை, போதைப்பொருள் என்று பெரிய பிரச்சினைகள் குவிந்து கிடந்த இடம் அது. ஆனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த பதில் குப்பை. எனவே 1986இல், எங்கள் மீது கொட்டாதே என்ற முழக்கத்தோடு இயக்கம் தொடங்கியது. ஊர்கூடி மனைகளைச் சுத்தம் செய்தார்கள். சட்டவிரோதமாக நடந்துவந்த குப்பைக் கிடங்குகளை மூட வேண்டும் என்று மேயர் ரேமண்ட் ஃபிளினை நெருக்கினார்கள். கிடங்குகளுக்குப் பூட்டு விழுந்தது.

குப்பையில் தொடங்கியது புத்திசாலித்தனமான முடிவு. பெரிய கோரிக்கையில் தொடங்கியிருந்தால் ஆண்டுக்கணக்கில் பலன் தெரியாமல் ஆட்கள் கலைந்திருப்பார்கள். குப்பை அள்ளப்பட்டது கண்ணுக்குத் தெரியும். நாம் போய்க் கேட்டோம், மேயரே வந்தார், கிடங்கு மூடியது என்று வீட்டில் பேசிக்கொள்ள ஒரு செய்தி கிடைத்தது. அடுத்த கூட்டத்துக்கு ஆள் வருவது அந்தப் பேச்சினால்தான்.

சுத்தம் செய்த மனை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அதன் மேல் ஏதாவது எழும்ப வேண்டும். 1987இல் குடியிருப்பவர்களே தங்கள் பகுதிக்கான வளர்ச்சித் திட்டத்தை வகுத்து முடித்தார்கள், நகராட்சி அதை ஏற்றது. ஏற்றுக்கொண்ட பிறகுதான் உண்மையான முட்டுக்கட்டை தெரிந்தது. முக்கோண வடிவில் 64 ஏக்கர் கொண்ட மையப்பகுதியில் சுமார் 30 ஏக்கர் காலி. அதில் ஏறத்தாழப் பாதி நகராட்சிக்குச் சொந்தம், மீதிப் பாதி தனியாருக்கு. நகராட்சி மனையும் தனியார் மனையும் மாறி மாறிக் கிடந்தன. ஒரு தெருவில் பத்து வீடு கட்டலாம் என்றால் நடுவில் இரண்டு மனை எவருடையதோ. அந்த எவரோ வரி கட்டுவதில்லை, கடிதம் போட்டால் பதில் இல்லை, நில விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்.

பொது நோக்கத்துக்காகத் தனியார் நிலத்தை அரசு கையகப்படுத்தும் அதிகாரம் பெரும்பாலான நாடுகளில் உண்டு. பாஸ்டனில் அந்த அதிகாரம் ஏழைகளுக்கு எதிராகத்தான் பயன்பட்டு வந்தது. நெடுஞ்சாலைக்கும் நகர்ப் புதுப்பித்தலுக்கும் என்று சொல்லி முழுக் குடியிருப்புகளையே இடித்துத் தள்ளிய வரலாறு அங்கே உண்டு. அந்த நகரத்தில், அந்த மக்கள், அந்த அதிகாரத்தை எங்கள் கையில் கொடுங்கள் என்று கேட்டார்கள். 1988 நவம்பரில் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம் வாக்கெடுத்துக் கொடுத்தது. அமெரிக்காவில் ஓர் அக்கம்பக்க அமைப்புக்கு இப்படி அதிகாரம் கிடைத்தது அதுதான் முதல் முறை. முக்கோணப் பகுதிக்குள் இருக்கும் காலி மனைகளுக்கு மட்டுமே அது செல்லும், குடியிருக்கும் வீடு எதையும் தொடாது என்று வரம்பு கட்டினார்கள். அந்த உறுதி இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்திருக்க மாட்டார். 1992இல் ஃபோர்டு அறக்கட்டளை நிலம் வாங்க 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது.

வாங்கிய நிலத்தை ஒரு சமூக நில அறக்கட்டளையின் பேரில் பதிந்தார்கள். அந்த முறை வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதன் மேல் இருக்கும் வீடு வாங்கியவருக்குச் சொந்தம். நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. வீட்டை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். ஆனால் விற்கும்போது குத்தகைப் பத்திரத்தில் சொன்ன கணக்குப்படிதான் விலை வைக்க முடியும். விற்பவருக்கு நியாயமான ஆதாயம் கிடைக்கும், அடுத்து வாங்குபவரும் அதே வருமான நிலையில் இருக்கும் குடும்பமாக இருக்கும். இப்படி 225க்கும் மேற்பட்ட வீடுகள் இன்று அந்த அறக்கட்டளையின் நிலத்தில் இருக்கின்றன. பூங்காவும், பழைய வாகனப் பட்டறை இருந்த இடத்தில் காய்கறி விளையும் பெரிய கண்ணாடிக் கூடமும் எழும்பின. 2008இல் வீட்டுக்கடன் நெருக்கடி வந்து சுற்றியிருந்த தெருக்களில் வங்கிகள் வரிசையாக வீடுகளைப் பறித்தபோது, அறக்கட்டளை வீடுகளில் அப்படிப் பறிபோனது மிக அரிது. ஏமாற்றுக் கடன் வாங்கும் வழியைப் பத்திரமே அடைத்திருந்தது.

இதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். டட்லி மக்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததில்லை. போதைப்பொருள் விற்பவர்கள் கையில் போயிருந்த மேரி ஹேனன் பூங்காவை அவர்கள் மீட்டது, அங்கே பிள்ளைகளுக்குக் கோடைக்கால விளையாட்டும் முகாமும் நடத்தித்தான். பெற்றோர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விற்பவன் நிற்கமாட்டான். பின்னாளில் ஆய்வும் இதையே சொன்னது. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றைச் சுத்தம் செய்து, புல் போட்டு, இடுப்பளவுக்கு மர வேலி வைத்தார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. புதர் மண்டிய மனையில்தான் துப்பாக்கியை ஒளித்துவைப்பார்கள், அங்கேதான் மற்றவர் கண்ணில் படாமல் நிற்பார்கள். வேலி வைத்த புல்வெளியில் அது முடியாது.

ஆனால் மனையைச் சீர்செய்து முடிக்கும்வரை கொலைகள் காத்திருக்கவில்லை. 1990இல் பாஸ்டனில் 152 பேர் கொல்லப்பட்டார்கள். அதே சமயத்தில் காவல்துறைக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிருந்தது. 1989 அக்டோபரில், ராக்ஸ்பரியை ஒட்டிய மிஷன் ஹில் பகுதியில் வெள்ளையர் ஒருவர் கர்ப்பிணியான தன் மனைவியைக் காரில் சுட்டுக் கொன்றுவிட்டு, ஒரு கறுப்பர் சுட்டார் என்று புகார் சொன்னார். வாரக்கணக்கில் அந்தத் தெருக்களில் கறுப்பின இளைஞர்களை நிறுத்தி, உடை களைந்து சோதனை போட்டார்கள். 1990 ஜனவரியில் உண்மை வெளியானபோது அவர் பாலத்திலிருந்து குதித்து இறந்தார். நகரத்தின் பேரில் மேயர் மிஷேல் வூ முறையாக மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். நடுவில் 33 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இந்தச் சூழலில், 1992 மே மாதம், மார்னிங் ஸ்டார் என்ற தேவாலயத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர் ஒருவரின் இறுதி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. கும்பல் ஒன்று உள்ளே நுழைந்து, அஞ்சலிக்கு வந்த ஓர் இளைஞரைத் துரத்திக் கத்தியால் குத்தியது. வழிபாட்டுக்கு மக்கள் வரட்டும் என்று உள்ளே காத்திருந்த போதகர்கள், வன்முறையே உள்ளே வந்துவிட்டதைப் பார்த்தார்கள். யூஜின் ரிவர்ஸ், ரே ஹேமண்ட், ஜெஃப்ரி பிரவுன் முதலிய போதகர்கள் சேர்ந்து பத்து அம்சக் கூட்டணி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளி இரவுகளில் தெருக்களில் நடந்தார்கள். தொடக்கத்தில் இளைஞர்கள் தள்ளி நின்றே பார்த்தார்கள். இவர்கள் பத்திரிகைக்காக வருகிறவர்களா, அடுத்த வாரமும் வருவார்களா என்று பார்த்தார்கள். மழையிலும் குளிரிலும் வந்ததைப் பார்த்த பிறகுதான் பேச்சு தொடங்கியது.

அடுத்து, காவல்துறையினரும் நன்னடத்தை அதிகாரிகளும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 61 கும்பல்கள், சுமார் 1,300 பேர். நகரத்து இளைஞர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இந்த வட்டத்துக்குள்தான் நடந்தது. இந்தக் கணக்கு மிக முக்கியம். ஒரு பகுதியின் பிள்ளைகள் எல்லோரையும் சந்தேகத்தில் நிறுத்தி வைத்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அது காட்டிவிட்டது. 1996இல் கும்பல் உறுப்பினர்களை நேரில் அழைத்துப் பேசினார்கள். உங்களில் ஒருவர் சுட்டாலும் உங்கள் கூட்டம் முழுவதையும் சட்டம் பிடிக்கும், நிறுத்தினால் வேலைக்கும் படிப்புக்கும் உதவ இதோ இவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அதே மேடையில் போதகர்களும் இருந்தார்கள். காவல்துறை வரம்பு மீறினால் தட்டிக்கேட்க அவர்கள் இருக்கிறார்கள் என்பதால் தாய்மார்கள் இதை நம்பினார்கள். 24 வயதுக்கு உட்பட்டவர்களின் கொலை ஆண்டுக்குச் சராசரியாக 44 என்றிருந்தது, 1997இல் 15 ஆனது. 1999இல் நகரம் முழுவதிலும் 31 கொலைகள்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்கா எங்கும் குற்றம் குறைந்தது, எனவே முழுப் பெருமையையும் பாஸ்டனுக்குக் கொடுக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் குறைந்த வேகமும் குறைந்த நேரமும் இந்த முயற்சியோடு ஒட்டிப் போவதைப் புறந்தள்ள முடியாது. பேட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலாளர் 264 நகரங்களின் இருபதாண்டுக் கணக்கைப் பார்த்து 2017இல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு லட்சம் மக்களுக்குப் பத்து உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் கூடினால் கொலை விகிதம் 9 சதவீதம் குறைகிறது என்று அது காட்டுகிறது. நாடெங்கும் குற்றம் குறைந்ததிலேயே இப்படிப்பட்ட பகுதித் தலைவர்களின் பங்கு இருந்திருக்கிறது.

பிறகு அந்தக் கூட்டு முயற்சி கலைந்தது. 2000ஐ ஒட்டி, பொறுப்பில் இருந்த அதிகாரிகள் வேறு பதவிகளுக்குப் போனார்கள். போதகர்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. வெற்றி பெற்றுவிட்டோம் என்ற நினைப்பில் கூட்டங்கள் நின்றன. 2005இல் கொலைகள் மீண்டும் 70ஐத் தாண்டின. அந்தத் திட்டத்தைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் போன உயிர்களை எந்தக் கணக்கிலும் திருப்பி எழுத முடியாது. அதைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

போதகர்களின் உழைப்பில் குறை இல்லை, டட்லி தெருக்காரர்களைவிட அவர்கள் அதிக ஆபத்தையே ஏற்றார்கள். ஆனால் அவர்களுடைய ஒற்றுமை நான்கைந்து பேரின் நட்பில் நின்றது. இவர் அவரை நம்பினார், அவர் தொலைபேசியை எடுப்பார், அவ்வளவுதான் ஏற்பாடு. டட்லியில் ஒற்றுமை சட்டதிட்டத்தில் இருந்தது, பத்திரப்பதிவில் இருந்தது. பீட்டர் மெடாஃப் 1994இல் இளம் வயதிலேயே காலமானார். அமைப்பு நின்றுவிடவில்லை. குழுவில் இளைஞர்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கேப் வெர்டேயிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையான ஜான் பாரோஸ் 17 வயதில் அந்தக் குழுவுக்குள் வந்தார். பிறகு அமைப்பின் இயக்குநரானார், 2014இல் பாஸ்டன் நகரப் பொருளாதார வளர்ச்சித் துறையின் தலைவரானார். ஒரு தலைவர் போனால் அடுத்தவர் எங்கிருந்து வருவார் என்பதை முன்னமே எழுதி வைத்திருந்தார்கள்.

2024இல் பாஸ்டனில் 24 கொலைகள் நடந்தன. 1957க்குப் பிறகு அவ்வளவு குறைந்தது அதுதான் முதல் முறை. ஆனால் பாதுகாப்பான ஊரில் நில விலை ஏறும். ராக்ஸ்பரியில் இன்று வாடகை தாங்காமல் வெளியேறுகிறவர்கள் பலர். தீயிலும் துப்பாக்கியிலும் தாக்குப்பிடித்த குடும்பம் அமைதி வந்த பிறகு விரட்டப்படுவது கொடுமை. அறக்கட்டளை நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் இல்லை, வெளியே இருப்பவர்களுக்கு உண்டு. எனவே மேலும் நிலம் சேர்க்கும் வேலை அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். உங்கள் பகுதியில் காலியாகக் கிடக்கும் மனைகளையும் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் நடந்து போய்ப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றும் யார் பேரில் இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலைச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் வையுங்கள். அதே பொதுக்குழுவில், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் பதினெட்டு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கும் செயற்குழுவில் எத்தனை இடம் என்பதைத் துணைவிதியாகவே எழுதி நிறைவேற்றுங்கள். கேமரா வாங்கும் தீர்மானம் அதற்கு அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் கேட்கட்டும்.